அடுத்த லேப்டாப் வாங்குமுன்

திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



கதையும் கச்சேரியும் பேசப்படுகிற மேடையில் லேப்டாப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பதை இரண்டாம் வரிசைப் பெரியவர் ஒருவர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். பார்க்கட்டும். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது என்னை ஓரமாக நிறுத்தி, "சார், வீட்ல ஒண்ணு இருக்கு, ஆமை மாதிரி போகுது, புதுசு எது வாங்கலாம்?" என்று கேட்கப்போகிறவர்களில் அவரும் ஒருவராக இருப்பார். கம்ப்யூட்டர் பாடம் நடத்திப் பிழைத்தவனுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை இதுதான். கல்யாண வீட்டிலும் இந்தக் கேள்வி, துக்க வீட்டிலும் இதே கேள்வி.

அதற்கு நான் பதில் சொல்வதில்லை. "பழையதுக்கு என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேட்பேன். இன்றைய பேச்சில் பாதி அந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்று. எல்லோருக்கும் லேப்டாப் வேண்டுமா? நம் மாவட்டத்தில் வெஞ்ஞாறமூடு பக்கம் புல்லம்பாறை என்ற ஊராட்சி இருக்கிறது. அங்கே தொடங்கிய இயக்கம்தான் பிறகு மாநிலம் முழுவதும் பரவி, 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கும் அளவுக்கு வந்தது. புல்லம்பாறையில் பாட்டிமார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எதை வைத்து? செல்போனை வைத்து. பணம் அனுப்புவது, கரண்ட் பில் கட்டுவது, வெளிநாட்டுப் பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசுவது, ஓய்வூதியக்காரர் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுப்பது எல்லாவற்றுக்கும் போன் போதும். கடைசியில் சொன்ன ஜீவன் பிரமாணுக்கு இப்போது முகத்தைக் காட்டினாலே ஆகிவிடுகிறது. முடியாதவர்களுக்கு அரசின் அக்ஷயா சேவை மையம் இருக்கிறது. இந்த வேலைகளுக்காக மட்டும் முப்பதாயிரம் நாற்பதாயிரம் செலவழிக்கப் போகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உங்கள் பணம் மிச்சம்.

எழுதுகிறவர்கள், கணக்கு வைக்கிறவர்கள், வரி தாக்கல் செய்கிறவர்கள், பிள்ளைக்குப் பாடம் வேண்டியவர்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் பழைய புத்தகங்களைத் திறந்துவைத்து வாசிக்கிறவர்கள்: இவர்களுக்குத்தான் பெரிய திரையும் நல்ல கீபோர்டும் வேண்டும். இனி அவர்களோடு பேசுகிறேன்.

பழையதுக்கு என்ன ஆச்சு? பெரும்பாலும் வருகிற பதில், "விண்டோஸ் 10 செத்துப்போச்சாமே, கடைக்காரன் சொன்னான்." பாதி உண்மை. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அன்றைக்கு உங்கள் லேப்டாப் நின்றுபோகவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகத் தானாகவே வருவது நின்றது, அவ்வளவுதான். அதையும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள அந்த நிறுவனமே வழி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதோடு இணைத்துக்கொண்டால் காசுகூட இல்லை. கடைக்காரர் இந்தப் பாதியைச் சொல்லமாட்டார். அவர் பிழைப்பு அது, குற்றம் சொல்லவில்லை. ஆனால் திருத்தம் வராத கணினியில் வங்கி வேலை பார்க்கக் கூடாது என்பதும் உண்மைதான். ஆக, உங்களிடம் இருப்பது அவகாசம், விலக்கு அல்ல.

விண்டோஸ் 11-க்கு ஏன் மாற முடியவில்லை? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், இவற்றோடு மைக்ரோசாஃப்ட் பட்டியலிட்ட புராசஸர் வேண்டும் என்கிறார்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். உங்கள் லேப்டாப்பில் ஐ5-8250யு என்று இருந்தால் உள்ளே, ஐ5-7200யு என்று இருந்தால் வெளியே. ஐ5 என்ற எழுத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை, அதை யாரும் பார்ப்பதில்லை. பழைய லேப்டாப் விற்பவர்கள் பிழைப்பது அந்தக் கவனக்குறைவில்தான். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த பதில், "ரொம்ப ஸ்லோ." ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் திரை வரும் என்பார்கள். இதற்குக் காரணம் பத்தில் எட்டுக்கு ஹார்ட் டிஸ்க். 2018-க்கு முன் வாங்கிய சாதாரண லேப்டாப்பில் பெரும்பாலும் சுழலும் தட்டு வைத்த பழைய வட்டுதான் இருக்கும். அந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, ஒரு முள் இங்கும் அங்கும் ஓடித் தேடித் தேடிப் படிக்கிறது. இன்றைய விண்டோஸும் பிரௌசரும் ஒரே நேரத்தில் நூறு இடத்திலிருந்து எடுத்துக் கொடு என்று கேட்கின்றன. முள் என்ன செய்யும்? அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், அதே அளவில், சுழலும் தட்டே இல்லாத ஒரு சாட்டா எஸ்எஸ்டி பொருத்தினால் குளிக்கப் போக நேரம் இருக்காது. தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. தம்பானூர் எஸ்.எஸ். கோவில் ரோட்டில் உங்கள் கண்ணெதிரிலேயே மாற்றித் தருவார்கள். கண்ணெதிரில் என்று அழுத்திச் சொல்கிறேன். கழற்றிய பழைய வட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதில்தான் உங்கள் ஆதாரும் பாஸ்புக்கும் குடும்பப் படமும் இருக்கின்றன.

ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கலாம். இப்போது அதில் ஒரு தகராறு. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினிக் கூடங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளை வாரி விழுங்கிக்கொண்டிருக்கின்றன. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறியிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. நீங்களும் நானும் வாங்குகிற ஒற்றை ராமை விட, கூடம் கூடமாக விற்பதில் அவர்களுக்கு லாபம். எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறுகிறது. புதிய லேப்டாப் விலையும் இதனாலேயே ஏறுகிறது என்பதால், பழையதை ஓட்டுகிறவனுக்கு முன்னைவிட இப்போது நியாயம் அதிகம்.

எதைக் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லவேண்டும். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் 2011-க்குப் பிறகு தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று இருக்கக்கூடும். முதல் வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு தலைமுறையே அதில் தட்டச்சு கற்றது, பெரிய காரியம்தான். ஆனால் இன்றைய பிரௌசரில் நாலு பக்கம் திறந்தால் அது மூச்சு முட்டி நிற்கும். அதே தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்காக தன் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக 2025-ல் கேட்டது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 'சாதாரண உபயோகம்' என்பதற்கு எந்தக் கம்பெனி விளம்பரமும் இவ்வளவு நேர்மையாக அளவு சொன்னதில்லை. மதர்போர்டு போனதையும், திரையும் பேட்டரியும் கீலும் ஒன்றாகப் போனதையும் விட்டுவிடுங்கள். பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் அன்றைக்கே சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். அது வேகத்தைப் பற்றிய பிரச்சினை இல்லை, தீயைப் பற்றியது.

இப்போது ஒரு கட்டம் மிஞ்சுகிறது. இயந்திரம் நன்றாக இருக்கிறது, எஸ்எஸ்டி போட்டாயிற்று, விண்டோஸ் 11 மட்டும் ஏற மறுக்கிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், அது டெக்னோபார்க் பையன்கள் சமாச்சாரம் என்று. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைக்கப் பிறந்தது திருவனந்தபுரத்தில். அதே ஆண்டுதான் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ஐடி@ஸ்கூல் திட்டமும் வந்தது. இன்றைக்கு அதன் பெயர் கைட். சில ஆண்டுகளுக்குள் கேரளத்து அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் விண்டோஸை விட்டு தங்கள் சொந்த லினக்ஸுக்கு மாறின. பிள்ளைகள் அதில்தான் ஐடி பாடம் படிக்கிறார்கள், அதில்தான் செய்முறைத் தேர்வு எழுதுகிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடநூல் தமிழிலும் வருகிறது. உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால், லினக்ஸ் தெரிந்த ஓர் ஆள் ஏற்கெனவே உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்கமாட்டார். கொஞ்சம் ஐஸ்கிரீம் செலவு உண்டு.

லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உண்டு. லிப்ரே ஆபிஸில் கட்டுரை எழுதலாம், பயர்பாக்ஸில் வங்கிப் பக்கம் திறக்கும், வீடியோ கால் ஓடும். எது ஓடாது? அலுவலகத்தில் கொடுத்த விண்டோஸ் மென்பொருள், டாலி கணக்கு. டிஜிட்டல் கையொப்ப யூஎஸ்பி சிலவற்றில் மல்லுக்கட்டு. சாலைக் கடைவீதியில் கணக்கு எழுதுகிறவர்கள் லினக்ஸ் பக்கம் வரவேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் தாராளமாக வரலாம்.

சரி, பழையது தேறவில்லை. வாங்கத்தான் வேண்டும். இப்போது எப்படி வாங்குவது?

நாம் வாங்குகிற முறை எல்லோருக்கும் தெரியும். சிங்க மாதம் பிறந்து ஓணத் தள்ளுபடி விளம்பரம் வந்ததும் கடைக்குப் போகிறோம். விற்பனைப் பையன் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்களைப் படித்துக்காட்டுகிறான். எந்த புராசஸர், எத்தனை டிபி, பை இலவசமா, மவுஸ் இலவசமா. பழுதானால் யார் சரிசெய்வார், எத்தனை நாளில், எந்த ஊரில் என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர்.

கைட் நிறுவனம் வாங்கிய விதத்தைப் பாருங்கள். ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 2018-லிருந்து 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்குக் கணினியும் புரொஜெக்டரும் வைத்தார்கள். பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள். அவர்கள் விற்பனையாளரிடம் வாங்கிய வாக்குறுதியில் கனமானது புராசஸர் இல்லை. ஐந்தாண்டு உத்தரவாதம், புகார் பதிவுசெய்யத் தனி ஏற்பாடு, குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். இதுதான் விவரம் தெரிந்தவன் வாங்குகிற முறை. லட்சம் வாங்குகிறவனுக்குக் கிடைக்கிற அபராத நிபந்தனை நமக்குக் கிடைக்காது, உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்த இடத்தை நாமும் பார்க்கலாம். சாதாரண வேலைக்கு இன்று விற்கிற லேப்டாப்களில் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், அது நின்றுபோன அன்றைக்குத் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லவேண்டிய கதை. 1973-ல் கே.பி.பி. நம்பியார் முன்னின்று தொடங்கிய அரசு மின்னணு நிறுவனமான கெல்ட்ரானின் மண்விளைத் தொழிற்சாலையில் கோக்கோனிக்ஸ் என்ற பெயரில் கேரளத்துக்கென்று ஒரு லேப்டாப் தயாரானது. கெல்ட்ரானும் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான கேஎஸ்ஐடிசியும் யூஎஸ்டி குளோபல் முதலிய தனியாரும் சேர்ந்த கூட்டு முயற்சி. 2019, 2020 வாக்கில் சந்தைக்கு வந்தபோது நம்மில் பலருக்குப் பெருமையாகவே இருந்தது. பிறகு கொரோனா வந்தது, வகுப்புகள் திரைக்குப் போயின. அரசுச் சீட்டு நிறுவனமான கேஎஸ்எஃப்இயும் மகளிர் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயும் சேர்ந்து வித்யாஸ்ரீ என்ற திட்டம் போட்டன. மாதம் 500 ரூபாய் கட்டி 30 தவணையில் ஏழைப் பிள்ளைக்கு 15,000 ரூபாய் லேப்டாப். நல்ல எண்ணம், சரியான நேரம். ஆனால் உலகம் முழுவதும் சில்லுக்குத் தட்டுப்பாடு. லேப்டாப்கள் வந்துசேரத் தாமதம். வந்த கோக்கோனிக்ஸ்களில் சில சரியாக இயங்கவில்லை என்று புகார். கடைசியில் எந்தக் கடையிலாவது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதைக் காட்டினால் 20,000 ரூபாய் வரை கடன் தருகிறோம் என்று கேஎஸ்எஃப்இ சொல்லவேண்டி வந்தது. பிறகு நிறுவனத்தை மறுசீரமைத்து 2023-ல் புதிய மாடல்களோடு மறுபடி கொண்டுவந்தார்கள்.

இதைச் சொல்வது நம் ஊர்ச் சரக்கைப் பழிக்க இல்லை. விலை குறைந்த லேப்டாப் எங்கே செய்தாலும் அதன் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே சாமான்தான். 15,000 ரூபாய்க்கு லேப்டாப் என்று கேட்டாலே ஏதோ ஒன்றில் கைவைத்தாகவேண்டும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பிள்ளைக்கு வேண்டியிருந்தது நாளைக்கே சரியாகிக் கிடைக்கிற ஒரு லேப்டாப். அந்த வாக்குறுதியை விலைக்குள் அடக்க முடியவில்லை.

ஆகவே என் வரிசை இப்படி. முதலில் சர்வீஸ். நீங்கள் நினைக்கிற பிராண்டுக்குத் திருவனந்தபுரத்தில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். கொச்சிக்கு அனுப்பித் திரும்ப வரவேண்டும் என்றால் வேறு பிராண்டு பாருங்கள். முடிந்தால் வீட்டுக்கே ஆள் வரும் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுக்கு எடுங்கள். அதற்குக் கொடுக்கிற சில ஆயிரம், ஐ3-லிருந்து ஐ5-க்குத் தாவக் கொடுக்கிற பணத்தைவிட உருப்படியான செலவு.

அதன் பிறகு ராம். 8 ஜிபிக்குக் குறைவாக வேண்டாம். போர்டிலேயே ஒட்டியதா, கூடுதலாகப் போட ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாது என்பது என் அனுபவம். மாடல் எண்ணை வாங்கிவந்து நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பார்ப்பதே வழி. ஸ்லாட் இருந்தால் இன்று 8, மூன்று வருடம் கழித்து ராம் விலை இறங்கினால் 16. சேமிப்பகம் எஸ்எஸ்டி, 256 கட்டாயம், 512 வசதி. 64 ஜிபி இஎம்எம்சி வைத்து மலிவாக வருகிறவை இருக்கின்றன. விண்டோஸ் இரண்டு முறை புதுப்பித்துக்கொண்டால் உங்கள் படங்களுக்கு இடம் இருக்காது.

திரையில் கஞ்சத்தனம் வேண்டாம். தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இது இங்கிலீஷ் வாசிக்கிறவர்களைவிட முக்கியம். 1366-க்கு 768 என்ற பழைய அளவுத் திரையில் ணகரத்தின் சுழியும் மேலே புள்ளியும் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் கேட்கவேண்டாம். 1920-க்கு 1080, ஐபிஎஸ் வகை. கடையில் பளபளப்பாக ஓடுகிற வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தமிழ் செய்தித்தாள் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று படித்துப் பாருங்கள்.

புராசஸரைக் கடைசியில் வைத்தேன், வேண்டுமென்றே. இன்டெல் ஐ3-1215யு போல ஆறு கோர் கொண்டது சாதாரண வேலைக்குத் தாராளம். என்100 என்று வருகிறது சின்ன வேலைக்குப் போதும், அதற்கேற்ற விலையில் கிடைத்தால். ஏஎம்டியில் ஒரு சூட்சுமம்: ரைசன் 3 7320யு என்றால் முதல் எண் 7-ஐப் பார்த்து 2023-ன் சரக்கு என்று நினைப்போம். மூன்றாம் எண் 2 சொல்வது, உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 அமைப்பு என்பதை. ஓடும், நன்றாகவே ஓடும். புதிய சரக்கின் விலையைக் கொடுக்கவேண்டாம் என்பதுதான் விஷயம். மேக்புக், க்ரோம்புக் பற்றிக் கேட்பீர்கள். மேக்புக் ஏர் நல்ல சாமான், காசு இருந்தால் வாங்குங்கள், விவாதம் இல்லை. க்ரோம்புக் முழுக்க இணையத்தோடு வாழ்கிறவருக்கு.

பழையதைச் சீர்செய்து விற்கிற ரீஃபர்பிஷ்டு லேப்டாப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் நம் ஊருக்கு வேலை கொடுத்தது மட்டுமில்லை. அங்கே இருப்பதுபோன்ற கம்பெனிகள் மூன்று நாலு வருடம் பயன்படுத்திக் கழிக்கிற திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் சந்தைக்கு வருகின்றன. இவை பிறக்கும்போதே விலை உயர்ந்தவை. உடம்பும் கீபோர்டும் இன்று கடையில் இருக்கிற மலிவுப் புதுசைவிட உறுதி. ராம் மாற்றலாம், பேட்டரி மாற்றலாம், கழற்றும் முறையை நிறுவனமே வெளியிட்டிருக்கும். வாங்கும்போது மூன்று விஷயம். முன்னே சொன்ன தலைமுறை எண் எட்டுக்குக் குறையக் கூடாது. பேட்டரியின் நிலையை உங்கள் எதிரில் காட்டச் சொல்ல வேண்டும். பில்லும் எழுத்தில் உத்தரவாதமும் வேண்டும். வாய்வார்த்தை உத்தரவாதம் கடை மூடும்வரைதான்.

இனி நம் ஊரின் காற்றைப் பற்றி. பெங்களூருக்காரன் எழுதுகிற ஆலோசனையில் இது இருக்காது. கர்க்கடக மாதத்து மழையில் செருப்பில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. மழைக்காலம் முழுவதும் லேப்டாப்பைப் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வெயில் வந்ததும் எடுத்துப் பார்த்தால் திரைக்குள் புள்ளி விழுந்திருக்கும், கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யாது. பயன்படுத்துங்கள். ஓடுகிற இயந்திரம் தன் சூட்டிலேயே ஈரத்தை ஓட்டிக்கொள்ளும். வலியதுறை, சங்குமுகம் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்த்தி. ஜன்னலோர மேஜை அழகாகத்தான் இருக்கும், லேப்டாப்புக்கு ஆகாது.

இடி இன்னொன்று. சித்திரை, ஐப்பசி மாத மாலை மழையில் இங்கே விழுகிற இடி உங்களுக்கே தெரியும். முன்பு டெலிபோன் செம்புக் கம்பி வழியாக வந்து எத்தனை மோடத்தைத் தின்றது! இப்போது பிஎஸ்என்எல்லும் மாநில அரசின் கே-ஃபோனும் கண்ணாடி இழையில் வருகின்றன. இழை வழியாக மின்சாரம் பாயாது. ஆனால் மோடத்துக்குப் போகிற கரண்ட் வயர் வழியாக வரும், அதிலிருந்து லேன் கேபிள் வழியாக லேப்டாப்புக்கும் வரும். வானம் இருண்டால் சார்ஜரையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. பேட்டரி இருக்கிறதே, வேலை நிற்காது. உலோக உடம்பு லேப்டாப்பைத் தொட்டால் சுரீரென்கிறது என்று சிலர் சொல்வார்கள். மூன்று முள் சார்ஜரை இரண்டு முள் கன்வர்ட்டரில் செருகியிருப்பார்கள், எர்த் இருக்காது. லேப்டாப்பில் குறை இல்லை, சுவரில்தான். சார்ஜர் போனால் தெருவோரத்தில் 300 ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்காதீர்கள். பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கி வந்த அன்று செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி திறப்பதைப் போனில் படம் பிடியுங்கள். சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். கடையில் ஆறு மாதம் தூங்கிய சரக்கு என்றால் தேதி முன்னாலேயே ஓடத் தொடங்கியிருக்கலாம். பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள், திருத்துவார்கள். விண்டோஸோடு ஆபிஸ் இலவசம் என்று வாங்கியிருந்தால் அதைக் குறித்த நாளுக்குள் ஆக்டிவேட் செய்யவேண்டும், வழக்கமாக 180 நாள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டு அதை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விற்றவர் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இங்கே ஓய்வுபெற்றவர்கள் அதிகம், மனு எழுதும் கை பழகிய கை, பயன்படுத்துங்கள்.

கடைசியாகப் பழையதை என்ன செய்வது? தூக்கிப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அவர் அதை உடைத்து எரித்தால் அந்த நஞ்சு நம் கிணற்றுக்கும் கரமனை ஆற்றுக்கும்தான் வரும். வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை, வீடு வீடாகக் கழிவு சேகரிக்கிற ஹரித கர்ம சேனைக்காரர்களிடம் கொடுங்கள். கிளீன் கேரளா நிறுவனத்தின் மூலம் அது மறுசுழற்சிக்குப் போகும். 2022-ன் மின்கழிவு விதிகள்படி தயாரிப்பாளருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இங்கே டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எஸ்எஸ்டி மாற்றுவதும் லினக்ஸ் நிறுவுவதும் ஒரு விஷயமே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இந்த மண்டபத்தில் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் அவரவர் வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவரட்டும். எது தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்தை நடத்துகிற சங்கத்துப் பெரியவர்கள் மண்டபச் சாவியையும் நாலு பிளக் பாயிண்ட்டையும் மட்டும் தந்தால் போதும். பிளக் பாயிண்ட் மூன்று முள் உள்ளதாக இருக்கட்டும், எர்த்தோடு.